வேதாளக் குன்றின் வழியே வேலைக்கு

பிழைப்பை நாடி வந்து குடியேறிய ஊரில் நாம் முதன்முதலாக அறிந்துகொள்ளும் வழிகள் இரண்டு. ஒன்று, வீட்டிலிருந்து அலுவலகத்திற்குச் செல்லும் வழி. மற்றொன்று, வீட்டிலிருந்து இரயில் நிலையத்திற்குச் செல்லும் வழி. முன்னது வயிற்றுக்காக, பின்னது சொந்த ஊரின் நினைவுக்காக. இவ்விரண்டையும் தவிர மூன்றாவது வழி ஒன்றை அறியாமலேயே பத்து ஆண்டுகளையும் பதினைந்து ஆண்டுகளையும் கழித்துவிட்ட குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ உண்டு. நாங்களும் அவ்வாறு இருந்தவர்களே. அந்த மூன்றாவது வழி எங்களுக்கு எவ்வாறு கிட்டியது, அது எங்களுக்குக் கற்பித்தது யாது என்பதை அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நாங்கள் மூவர். ஒருவர் திருநெல்வேலிச் சீமையினர், ஒருவர் சேலத்தார், ஒருவர் கும்பகோணத்தார். மூவரும் குடியிருப்பது புனே நகரின் கோத்ரூட் பகுதியில். மூவரும் வேலை பார்ப்பது பாஷாண் பகுதியில். தேசிய இரசாயன ஆய்வகம் 1950-ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நாள் தொட்டுப் படித்தவர்கள் பலர் வேலைக்கு வந்து சேரும் பகுதி அது. கோத்ரூடுக்கும் பாஷாணுக்கும் இடையே படுத்திருக்கிறது ஒரு நீண்ட குன்று. மராத்தியர் அதனை ‘வேதாள் டேக்டி’ என்பர். டேக்டி என்றால் குன்று. வேதாளம் யாரென்று தமிழர்க்குச் சொல்லவேண்டியதில்லை. விக்கிரமாதித்தனின் தோளில் ஏறிக்கொண்டு கதை சொல்லிய அதே வேதாளந்தான். இங்கே அது காவல் தெய்வமாகக் குன்றின்மேல் கோயில் கொண்டிருக்கிறது.

சாலை வழியே செல்பவர் இக்குன்றைச் சுற்றிக்கொண்டுதான் செல்லவேண்டும். மேற்கே சாந்தனி சௌக் என்னும் சந்திப்பு. அங்கு நேரும் நெரிசல் புனே வாசிகள் அனைவரும் அறிந்ததே. பழைய மேம்பாலத்தை 2022 அக்டோபர் 2-ஆம் நாள் நள்ளிரவுக்குப்பின் வெடிவைத்துத் தகர்த்து, அடுத்த ஆண்டு புதிய பாலம் திறந்தார்கள். பாலம் புதிதாயிற்று, எங்கள் பொறுமையோ பழையபடியே தேய்ந்துகொண்டிருந்தது. காலையில் முக்கால் மணி, மாலையில் ஒரு மணி. வீடு திரும்பியதும் குழந்தைகள் பள்ளிக்கூடத்துச் செய்தியைச் சொல்ல வருவார்கள். ‘சற்றுப் பொறு, சற்றுப் பொறு’ என்று சொல்லிச் சொல்லியே அவர்கள் உறங்கும் நேரம் வந்துவிடும். நாங்கள் இழந்தது பெட்ரோலை மட்டுமன்று என்பதை இல்லத்தரசியார்தாம் முதலில் உணர்த்தினார்கள்.

சேலத்து நண்பரின் மகன் மேற்படிப்பிற்காக வெளியூர் சென்றபோது ஒரு மலைச் சைக்கிளை விட்டுச் சென்றிருந்தான். இளைஞர்கள் ‘மவுண்டன் பைக்’ என்று சொல்லும் வகை அது. ஆறு மாதம் அது மாடிப்படியின் கீழ் தூசி படிந்து கிடந்தது. ஒரு ஞாயிறன்று நண்பர் அதைத் துடைத்து, காற்றடித்து, குன்றின்மேல் ஏற்றிப் பார்த்தார். திரும்பி வந்தவர் சொன்ன செய்தி இது: “குன்றின் அந்தப் பக்கம் இறங்கினால் நம் அலுவலகம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது!” அடுத்த மாதம் நாங்கள் மூவரும் சைக்கிளுக்கு உரியவர்களானோம்.

பொறியின் இயல்பு

இச்சைக்கிளின் பிறப்பு பற்றி இரண்டொரு வார்த்தை சொல்லவேண்டும். அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், மரின் மாவட்டத்தில், தமல்பைஸ் என்றொரு மலை இருக்கிறது. 1970-களில் அங்கிருந்த இளைஞர் சிலர் தடித்த டயர் பொருத்திய பழைய சைக்கிள்களை மலையுச்சிக்கு ஏற்றிச் சென்று மண்பாதை வழியே கீழ்நோக்கிப் பாயவிட்டு விளையாடினர். 1976-இல் தொடங்கிய அவர்கள் பந்தயம் ஒன்றுக்கு ‘ரீபேக்’ என்று பெயர். அதாவது மீண்டும் அடைத்தல். ஒரே இறக்கத்தில் பின்சக்கரத்துப் பிரேக்கின் சூட்டில் உள்ளிருக்கும் மசகு முழுதும் புகைந்துபோகும். ஒவ்வொரு முறையும் புதிதாக மசகு அடைக்கவேண்டும். அதனால் வந்த பெயர். அவர்களுள் ஒருவரான ஜோ பிரீஸ் என்பவர் 1977-இல் மலைப்பாதைக்கென்றே தனிச் சட்டம் அமைத்தார். 1996-ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் இச்சைக்கிள் ஓட்டம் ஒரு போட்டியாகவே இடம்பெற்றுவிட்டது. ஆக, இது பிறந்ததே வேகத்திற்காக. அந்த வேகம் எங்களையும் ஒரு நாள் தலைகுனிய வைத்தது. அதைப் பின்னர் சொல்வோம்.

சாதாரணச் சைக்கிளுக்கும் இதற்கும் உள்ள வேற்றுமைகளுள் முதன்மையானது டயர். இதன் அகலம் இரண்டு அங்குலத்திற்குமேல். அதில் காற்றை இறுக அடைத்தல் தவறு. சதுர அங்குலத்திற்கு 30 இராத்தல் அளவே போதும். காற்று சற்றுக் குறைந்திருந்தால்தான் டயர் கல்லின்மேல் நெளிந்து பற்றும்; மிகுந்திருந்தால் பந்துபோல் துள்ளும். அடுத்தது கியர். பெடலின் அருகே சிறு பல்சக்கரமும் பின்னால் பெரும் பல்சக்கரமும் சேர்ந்தால், கால் பலமுறை சுழலும், சக்கரம் சிலமுறையே உருளும். வேகம் குறையும், ஏறும் வலிமை கூடும். நாற்பத்தைந்து வயதுக் கால்களும் குன்றேறுவது இந்தக் கணக்கினால்தான்.

ஆயினும் முதல் வாரம் அந்தக் கணக்கும் எங்களைக் கைவிட்டது. மூச்சிரைத்து, பாதி ஏற்றத்தில் இறங்கி, கற்கள் உருளும் செங்குத்தான இடத்தில் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு நடந்தோம். வேதாளத்தைச் சுமந்த விக்கிரமாதித்தனுக்காவது வழித்துணைக்குக் கதை கிடைத்தது. எங்களுக்கு எங்கள் பெருமூச்சு மட்டுமே துணை.

பொழுது விடியும் நேரம்

ஊரிலிருந்து வரும் பெரியவர்கள் மார்கழி, தை மாதங்களில் இங்கு எழுந்து உட்கார்ந்துகொண்டு, “இந்த ஊரில் பொழுதே விடியாதா?” என்று கேட்பதுண்டு. அவர்கள் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நாடு முழுமைக்கும் நாம் வைத்திருக்கும் நேரம் 82½ பாகைத் தீர்க்கரேகைக்கு உரியது. பூமி ஒரு பாகை திரும்ப நான்கு நிமிடம் ஆகும். சென்னை 80 பாகையைச் சற்றுக் கடந்து இருக்கிறது. புனே 74 பாகைக்குச் சற்றுக் குறைவில் இருக்கிறது. எனவே ஒரே கடிகாரத்தில் புனேவின் சூரியன் சென்னையின் சூரியனைவிட ஏறத்தாழ 25 நிமிடம் பின்தங்கியவன். குளிர்காலத்தில் வடக்கே இருப்பதனால் இன்னும் சில நிமிடங்கள் கூடும். ஜனவரி தொடக்கத்தில் இங்குக் கதிரவன் தலைகாட்ட ஏழு மணி கடந்துவிடும்.

எங்களுக்கு எட்டு மணிக்கு வேலை. ஆகையால் குளிர்காலத்தில் ஆறேகாலுக்கு விளக்கோடு புறப்படுகிறோம். பௌட் சாலையிலிருந்து குன்றின்மேல் ஏறும் தார்ச்சாலை ஒன்று உண்டு. 1966-இல் நிறுவப்பெற்ற மோட்டார் வாகன ஆராய்ச்சிக் கழகம் குன்றின்மேல் இருப்பதால் அக்கழகத்தின் பெயராலேயே அச்சாலையை அழைக்கிறார்கள். மோட்டாரைத் துறந்தவர்கள் மோட்டாரின் பெயர் கொண்ட சாலையில் ஏறுவது விந்தைதான்.

சாலை முடியும் இடத்தில் மண்பாதை தொடங்குகிறது, நகரம் முடிந்துவிடுகிறது. புனே நகரம் கடல் மட்டத்திற்குமேல் சுமார் 560 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இக்குன்றின் உச்சியோ சுமார் 800 மீட்டர். மேலே காற்றே வேறு. கீழே விளக்குகள் இன்னும் அணையாமல் மின்னிக்கொண்டிருக்க, நாங்கள் நிற்கும் இடத்தில் காய்ந்த புல்லின் மணம் வீசும். காலடியில் இருப்பது தக்காணத்துக் கரும்பாறை. ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன் எரிமலைக் குழம்பு அடுக்கடுக்காகப் படிந்து இறுகியது. அதன்மேல் மண் ஒரு சாண் ஆழங்கூடப் பல இடங்களில் இல்லை. இந்தச் செய்தியை அன்பர்கள் நினைவில் கொள்ளவேண்டும், பின்னால் தேவைப்படும்.

இருட்டு பிரியாத வேளையில் விளக்கொளி பாதையில் விழும்போது இரண்டு செந்நிறப் புள்ளிகள் தணல்போல் ஒளிர்வதுண்டு. முதல்நாள் கண்டபோது மூவரும் வேதாளத்தையே நினைத்தோம்! அருகே சென்றதும் ஓசையின்றி எழுந்து பறந்தது ஒரு பக்கிக் குருவி. அது தரையிலேயே அமர்ந்திருக்கும் பறவை. வெளிச்சம் சிறிது பரவியதும் கௌதாரி கூவும். செம்போத்து குரல் கொடுக்கும். பள்ளத்திலிருந்து மயில் அகவும். மாசி, பங்குனியில் குன்றெங்கும் இளஞ்சிவப்புப் பூக்கள் மலர்ந்திருக்கும். அவை வனத்துறையினர் நட்ட கிளைரிசிடியா மரங்கள். நம் ஊரில் தழையுரத்திற்காக வயலோரம் நடுகிறார்களே, அதே மரந்தான்.

பதினான்கு ஆண்டுகள் இந்த ஊரில் வாழ்ந்தும் இவற்றுள் ஒன்றையேனும் நாங்கள் அறிந்திருக்கவில்லை. அடுத்த தெருவில் அத்தை வீடு இருப்பதை அறியாமல் விடுதியில் உண்டு வந்தவன் கதைதான் எங்கள் கதை.

ஒரு சொல்

இனி எங்கள் குற்றத்தைச் சொல்லவேண்டும். மூவருள் குற்றவாளி எவர் என்று அன்பர்கள் தேடவேண்டா. இதை எழுதும் கை எவருடையதோ அவரே.

பழக்கம் ஏற ஏறத் துணிவும் ஏறிற்று. பாஷாண் பக்கம் இறங்கும் பாதையில் ஒரு வளைவு உண்டு. அவ்வளவு தூரம் ஏன் வளைய வேண்டும் என்று நாங்கள் நேரே இறங்கத் தொடங்கினோம். பத்து நாளில் புல் மடிந்து ஒரு குறுக்குத் தடம் விழுந்துவிட்டது. அதில் ஒரு நிமிடம் மிச்சம். சித்திரை மாதத்தில் ஒரு நாள் அத்தடத்தில் வேகமாக இறங்கியபோது புதருக்கு அப்பாலிருந்து ஒரு முதியவர் வெளிப்பட்டார். இரு கைகளிலும் தண்ணீர்க் குப்பிகள். முன் பிரேக்கை இறுகப் பிடித்தால் தலைகுப்புற விழுவோம் என்னும் அச்சத்தில் பின் பிரேக்கை மட்டும் அழுத்தினோம். பின்சக்கரம் உருளாமல் சறுக்கிக்கொண்டே சென்றது. சைக்கிள் அவருக்கு ஒரு முழத் தொலைவில் சாய்ந்து விழுந்தது. முழங்கையில் குருதி. முதியவருக்கு ஒன்றும் நேரவில்லை. ஆனால் ஒரு குப்பி நழுவித் தண்ணீர் மண்ணில் ஓடிற்று.

அவர் சினந்து வையவில்லை. “சாவ்காஷ், அண்ணா! சாவ்காஷ்!” என்றார்.

மராத்தி எங்களுக்கு அரைகுறை. ஆயினும் அச்சொல்லுக்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை. “சாவகாசமாகப் போ அப்பா” என்று பாட்டி சொல்லி வளர்ந்த பிள்ளைகள் அல்லவா நாங்கள்? இரு மொழிக்கும் பொதுவான அந்த வடசொல்லைக் கேட்பதற்கு ஒருவர் கீழே விழவேண்டியிருந்தது.

பிறகு அவர் எங்கள் தடத்தின் ஓரமாக நடந்து, குனிந்து, விரலால் ஓரிடத்தைக் காட்டினார். முதலில் கற்களைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. உற்றுப் பார்த்தபோது கற்களுக்கிடையே கற்களைப் போலவே புள்ளியிட்ட நான்கு முட்டைகள். ஆள்காட்டிக் குருவியுடையவை. ‘டிட்வி’ என்று அவர் அதன் பெயரைச் சொன்னார். அது கூடு கட்டுவதில்லை. வெறுந்தரையிலேயே இட்டு அடைகாக்கும். எங்கள் டயர்த் தடத்திற்கும் அம்முட்டைகளுக்கும் இடையே நான்கு விரற்கடை இடைவெளி. பல நாளாக ஒரு பறவை எங்கள் தலைக்குமேல் கத்திக்கொண்டு வட்டமிட்டதன் பொருள் அன்றுதான் விளங்கிற்று. நாங்களோ அது எங்களை வரவேற்கிறது என்று எண்ணியிருந்தோம்.

அடுத்து அவர் காட்டியது பின்சக்கரம் சறுக்கிய கோட்டை. மேல்மண் உரிந்து அடியிலிருந்த பாறை வெளுத்துத் தெரிந்தது. ஜூன் மாதம் மழை இறங்கும்போது நீர் இத்தகைய கோட்டைத் தேடித்தான் ஓடும். ஓராண்டில் கோடு வாய்க்காலாகும். சில ஆண்டுகளில் ஓடையாகும். ஒரு சாண்கூட இல்லாத மண் போய்விட்டால் அங்கே மீண்டும் புல் முளைப்பது எளிதன்று. எங்களுக்கு ஒரு நிமிடம் மிச்சம். குன்றுக்கு எத்தனை ஆண்டு நட்டம்!

அவர் கையில் இருந்த தண்ணீர் எதற்கு என்று கேட்டோம். இவ்வூரின் முதியோர் பலர் காலையில் குன்றேறும்போது குப்பியில் நீர் கொண்டு சென்று கோடையில் மரக்கன்றுகளுக்கு வார்ப்பது வழக்கம். அவர் பொறுப்பில் பன்னிரண்டு கன்றுகள், வேம்பும் புங்கமும். அன்று நாங்கள் கொட்டிவிட்டது ஒரு புங்கங்கன்றின் ஒரு நாள் உணவு. எங்கள் சைக்கிளில் இருந்த குடிநீரை அதற்கு வார்த்துவிட்டு, தாகத்தோடு அலுவலகம் சென்றோம்.

நாங்கள் கைக்கொண்ட முறைகள்

அன்று மாலையே மூவரும் கூடிச் சில முறைகளை வகுத்துக்கொண்டோம். குறுக்குத் தடத்தின் வாயில் உலர்ந்த முட்களைப் போட்டு அடைத்தோம். இன்றுவரை மீறாத எங்கள் முறைகளை இவ்வழியில் இறங்க விரும்பும் அன்பர்களுக்காகக் கீழே தருகிறோம்.

நடப்பவருக்கே பாதை உரியது. எதிரே ஆள் வந்தால் நிற்கவேண்டும். பின்னாலிருந்து சென்றால் மணியடித்து விரட்டாமல், குரல் கொடுத்து, அவர் ஒதுங்கியபின் மெல்லச் செல்லவேண்டும். தடை என்று எழுதியிருக்கும் இடத்திலோ காவலர் வேண்டா என்னும் இடத்திலோ இறங்கித் திரும்பிவிட வேண்டும்.

இறக்கத்தில் உடலைப் பின்னுக்குச் சாய்த்து, பெடல்கள் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து, இரு பிரேக்குகளையும் ஒருங்கே, சிறிது சிறிதாக அழுத்தவேண்டும். பார்வை சக்கரத்தின்மேல் இருத்தலாகாது. பத்தடி முன்னால் இருக்கவேண்டும். சக்கரம் சறுக்கினால் வேகம் மிகுதி என்று பொருள்.

மழை பெய்த மறுநாள் குன்றேறலாகாது. கரிசல் மண் டயரில் ஒட்டி உருண்டு சக்கரத்தையே நிறுத்திவிடும்; நம் தடமும் ஈர மண்ணில் ஆழமாகப் பதிந்துவிடும். மழைக்காலத்தில் பெரும்பாலான நாட்கள் நாங்கள் பேருந்துக்கே போகிறோம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

இருட்டில் தனியே செல்லலாகாது. தலைக்கவசம், விளக்கு, மாற்று டியூப், சிறு பம்பு ஆகிய நான்கும் இன்றிப் புறப்படலாகாது. இங்குள்ள வேலமரத்து முள் எந்த டயரையும் மதிப்பதில்லை.

மாற்றுடையைத் திங்கட்கிழமையே அலுவலகத்தில் கொண்டுபோய் வைத்துவிடுவது நலம். மதிய உணவைப் பற்றியும் ஒரு சொல்: சாம்பார் சாதம் குன்றிறங்கத் தகுந்த உணவன்று. கும்பகோணத்து நண்பரின் கோப்புகள் இதற்குச் சான்று. எலுமிச்சஞ்சாதமும் புளியோதரையும் எந்தப் பள்ளத்தையும் தாங்கும்.

அவசரமும் குன்றும்

இக்குன்றைக் குறித்து நகரில் நெடுநாளாக ஒரு வழக்காடல் நடந்து வருகிறது. குன்றின் ஓரமாகப் பாலபாரதியிலிருந்து பௌட் சாலைச் சந்திப்புக்கு ஒரு சாலை அமைக்கவும், குன்றைக் குடைந்து சுரங்கப்பாதை அமைக்கவும் திட்டங்கள் எழுந்தன. 2023 ஏப்ரலில் நகர மக்கள் திரளாகக் கூடி, குன்றைக் காக்கவேண்டும் என்று ஊர்வலம் சென்றனர். சாலை வேண்டும் என்பவர்களை நாங்கள் பழிக்கமாட்டோம். நெரிசலில் முக்கால் மணி நேரம் நின்று, குழந்தைகளின் முகம் காண ஏங்கியவர்கள் நாங்களும்தான். அந்தச் சாலையைக் கேட்பது எங்களைப் போன்றவர்களின் அவசரமே. ஆனால் ஒரு நிமிடத்திற்காக நாங்கள் இட்ட குறுக்குத் தடத்தை நினைக்கும்போது, பெரிய அளவில் இடும் குறுக்குத் தடத்தைப் பற்றியும் எண்ணாமல் இருக்க இயலவில்லை.

2020 டிசம்பர் 9-ஆம் நாள் கோத்ரூடில் நடந்ததைப் பலரும் மறந்திருக்கமாட்டார்கள். வழிதவறிய காட்டெருது ஒன்று குடியிருப்புகளுக்கிடையே வந்துவிட்டது. கூட்டம் திரண்டது; கூச்சல் எழுந்தது; மிரண்ட விலங்கு சுவர்களில் மோதி ஓடியது. மயக்கமருந்து செலுத்திப் பிடித்தார்கள். அன்றே அது இறந்துவிட்டது. எங்களுள் ஒருவர் அன்று அத்தெருவில் நின்று வேடிக்கை பார்த்தவர். “சாவகாசம் என்று சொல்ல அன்று ஒருவரும் இல்லையே!” என்று இப்போதும் சொல்லி வருந்துகிறார். வழி தெரியாமல் புது ஊருக்குள் வந்து நிற்பவனின் கலக்கம் எத்தகையது என்பதை நம்மைவிட நன்கு அறிந்தவர் யார்?

எங்கள் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். குன்றின் வழியே நாற்பது நிமிடம் ஆகிறது. சாலை வழியைவிட மிகுதியாக எதையும் மிச்சப்படுத்திவிடவில்லை. ஆனால் வீடு திரும்பும்போது எங்களிடம் சொல்லுவதற்குச் செய்தி இருக்கிறது. கேட்பதற்குப் பொறுமையும் இருக்கிறது. அந்த நான்கு முட்டைகளுள் மூன்று பொரித்தன என்ற செய்தியை வீட்டில் சொன்ன இரவில், பள்ளிக்கூடத்துக் கதைகள் பத்து மணி வரை நீண்டன.

முதியவரை நாங்கள் ‘ஆஜோபா’ என்று அழைக்கிறோம். அவர்கள் மொழியில் தாத்தா. முழங்கால் வலியினால் இப்போது அவர் குன்றேறுவதில்லை. அடிவாரத்துத் திண்ணையில் சால்வை போர்த்து அமர்ந்திருக்கிறார். பன்னிரண்டு கன்றுகளுக்கும் இந்தக் கோடையில் தண்ணீர் கொண்டு சென்றவர்கள் நாங்கள். சைக்கிள் ஒன்றுக்கு இரண்டு குப்பிகள். ஒன்று பட்டுப்போயிற்று, பதினொன்று நிற்கின்றன. நாங்கள் கடக்கும்போது அவர் கை உயர்த்தி, “புங்கம் எப்படி இருக்கிறது?” என்று மட்டும் கேட்பார். “தழைத்திருக்கிறது, ஆஜோபா” என்போம். பிறகு அவர் அந்த ஒரு சொல்லைச் சொல்லுவார். நாங்களும் பிரேக்கை இன்னும் சிறிது அழுத்திக்கொள்வோம்.

எங்களோடு வர விரும்பும் அன்பர்கள் ஏதேனும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஆறரை மணிக்கு அடிவாரத்திற்கு வரலாம். பெண்டிரையும் குழந்தைகளையும் அழைத்து வருக. ஆளுக்கு ஒரு குப்பி தண்ணீர் கொண்டு வருக. சைக்கிள் மட்டும் அன்று வேண்டா. முதல் நாள் எல்லோரும் நடந்தே ஏறுவோம்.